24 மாத ஃபோன் ஒப்பந்தம், இன்னும் 13 மாதம் கிடக்கிறது. காப்பை அடகு வைத்து வெளியே வரலாமா?

கொட்டாஞ்சேனை தையல்காரி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ஒரு முடிவு எடுக்க முடியாமல் நாலு நாளாகத் தூக்கம் சரியில்லை. விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நான் கொட்டாஞ்சேனையில், ஜெம்பட்டா வீதிக்குப் பக்கத்தில், வீட்டோடு இருந்து சாறி பிளவுஸ் தைக்கிறேன். ஆரி வேலையும் செய்வேன். ஓடர் தருகிறவர்களில் பாதிப் பேர் என் வீட்டு வாசலையே கண்டதில்லை. வட்ஸ்அப்பில் படம் பார்ப்பார்கள், அளவுச் சட்டையை யாரிடமாவது கொடுத்தனுப்புவார்கள், அவ்வளவுதான். ஆகவே ஃபோனும் எனக்குக் கத்தரிக்கோல் மாதிரி ஒரு சாமான்.

போன வருடம் தீபாவளிக்கு முன்னம் ஒருத்தர் தைத்த பிளவுஸைத் திருப்பிக் கொண்டுவந்து தந்தார். பழைய ஃபோனில் எடுத்த படத்தில் மெரூன் துணி இரத்தச் சிவப்பாக விழுந்திருந்தது. அவர் சாறியோடு சேர்த்துப் பார்த்தால் பொருந்தவே இல்லை. ஆறு நாள் குனிந்திருந்து குத்திய முத்து வேலை. அந்தக் கவலையில்தான் நல்ல கமரா உள்ள ஃபோன் வேண்டும் என்று இறங்கினேன். லிபர்ட்டி பிளாசாவில் கேட்டபோது 98,000 ரூபா. கையில் அவ்வளவு இல்லை. ஒரு தொலைபேசிக் கம்பெனியின் கவுண்டரில் (பேர் வேண்டாம்) “காசே கட்டாமல் ஃபோனைக் கொண்டுபோங்கள், 24 மாதம் போஸ்ட்பெய்ட் பில்லைக் கட்டினால் போதும்” என்றார்கள். 2024 ஒக்டோபர் 14 ஆம் திகதி எடுத்தேன். ஒரு டப்லட் திரையில் விரலால் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டேன். என்ன எழுதியிருந்தது என்று வாசிக்கவில்லை. முழுதும் ஆங்கிலம், பின்னால் வரிசையில் ஆட்கள் நின்றார்கள்.

போன மாதப் பில்லை இப்போது மேசையில் விரித்து வைத்திருக்கிறேன். மேலே மாத வாடகை 5,200. அதற்குக் கீழே வரிகள். கடைசியில் தடித்த எழுத்தில் 6,480. இதுவரை 11 பில் கட்டிவிட்டேன், ஒன்றும் பிந்தவில்லை. மாதத்துக்கு 60 ஜீபி டேட்டா தருகிறார்கள். நான் போன மாதம் பாவித்தது 9 ஜீபி. ஏனென்றால் பெப்ரவரியில் மகளின் ஏ.எல். (உயர்தர) வகுப்புகளுக்காக வீட்டுக்கு ஃபைபர் இழுத்துவிட்டோம். வெளியே போனால்தான் எனக்கு டேட்டா தேவை. வெளியே என்றால் புறக்கோட்டைக்கு லைனிங் வாங்கப் போவது, ஞாயிறு கோயிலுக்குப் போவது.

ஹொட்லைனுக்கு எடுத்துக் கேட்டேன். மிச்ச மாதம் ஒன்றுக்கு 4,500 வீதம் 13 மாதத்துக்கு 58,500 ரூபா கட்டினால் ஒப்பந்தத்தை முடிக்கலாம், ஃபோன் எனக்கே சொந்தம் என்றார் அந்தப் பிள்ளை. ப்ரீபெய்டுக்குப் போனால் மாதம் 1,400 ரூபா ரீலோட் எனக்குக் காணும். கணவர் சொல்கிறார், மாதம் ஐயாயிரம் மிச்சம் என்றால் ஏன் யோசிக்கிறாய் என்று.

58,500 கையில் இல்லை. அம்மா தந்த காப்பு ஒரு சோடி இருக்கிறது, இரண்டு பவுண். புதன்கிழமை கெய்சர் வீதிக்குத் துணி வாங்கப் போனபோது அதைக் கைப்பைக்குள் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுபோனேன். செட்டியார் தெருப் பக்கம் ஒரு வங்கியில் விசாரித்தேன். வருடத்துக்கு 13 வீத வட்டி என்றார்கள். தராசில் வைக்கக் கேட்டார்கள். எனக்கு மனம் வரவில்லை, பிறகு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

கேள்வி இதுதான். காப்பை வைத்து இந்த ஒப்பந்தத்தை முடித்துக்கொள்வது புத்தியா? முடித்தால் என் நம்பர் போய்விடுமா? அந்த நம்பரில்தான் எட்டு வருட வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள்.


துறைமுகப் பொடியன் எழுதியது:

அக்கா, ஒரு சதமும் கட்ட வேண்டாம். ஃபோன் உங்கள் கையில்தானே இருக்கு. சிம்மைக் கழற்றி எறிந்துவிட்டு வேற சிம் போடுங்க. ரெண்டு மாதம் எடுத்து எடுத்துக் கேட்பான், பிறகு லைனை வெட்டுவான், அதோட முடிஞ்சுது. என் கூட்டாளி அப்படித்தான் செய்தான்.


வத்தளை வாசி எழுதியது:

தம்பி சொன்னதை மட்டும் செய்துவிடாதீர்கள் தங்கச்சி. அதைச் செய்தவன் நான்.

2021 இல் தெஹிவளையில் வாடகைக்கு இருந்தேன். வேலை போனது. ஒரு போஸ்ட்பெய்ட் இணைப்பைக் கட்டாமல் விட்டேன். லைனை வெட்டினார்கள், நானும் முடிந்தது என்றுதான் நினைத்தேன். பிறகு வத்தளைக்கு வந்துவிட்டோம். பழைய வீட்டுக்காரர் ஒரு நாள் கூப்பிட்டு உன் பேருக்குச் சட்டத்தரணியிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது, இது இரண்டாவது என்றார். போய் வாங்கி வீதியிலேயே நின்று பிரித்துப் பார்த்தேன். பாவிக்காத மாதங்களுக்கும் சேர்த்துத் தொகை போட்டு, 14 நாளில் கட்டாவிட்டால் வழக்கு என்று எழுதியிருந்தது. அதில் முடிவுறுத்தல் கட்டணம் (ஒப்பந்தத்தை இடையில் முறிப்பதற்கு), தாமதக் கட்டணம், கடிதச் செலவு மூன்றும் ஏறியிருந்தன. மனைவிக்குச் சொல்லாமல் இரண்டு நாள் அதைப் பஸ்ஸில் கொண்டு திரிந்தேன்.

தவணையில் கட்டி முடித்தேன். அது தீரும்வரை என் அடையாள அட்டைக்கு அதே கம்பெனியில் வேறு இணைப்பும் தரவில்லை. உங்கள் தொழில் அந்த நம்பரில் இருக்கிறது. வெட்டுப்பட்ட நம்பரைக் கொஞ்சக் காலத்தில் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். உங்கள் வாடிக்கையாளர் அனுப்பும் செய்தி யாரோ ஒருவருக்குப் போகும். வங்கி ஓடிபியும் அப்படித்தான்.


துறைமுகப் பொடியன் எழுதியது:

சரி அண்ணே, எனக்கு இது தெரியாது. கூட்டாளியிடமும் சொல்கிறேன்.


மருதானைக் கணக்கு எழுதியது:

அக்கா, நான் கணக்குப் பகுதியில் வேலை செய்கிறேன். நீங்கள் போட்ட இலக்கங்களை ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன்.

6,480 ஐயும் 1,400 ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மாதம் 5,080 மிச்சம் மாதிரித் தெரியும். உங்கள் கணவர் சொல்வது அதைத்தான். ஆனால் அந்த 6,480 இல் இரண்டு சாமான் ஒட்டிக் கிடக்கிறது. ஒன்று உங்கள் ஃபோனின் கடன், மற்றது லைன். ஒரு மாதம் கடந்தால் முடிவுறுத்தல் தொகையில் 4,500 குறைகிறது அல்லவா? அப்படியென்றால் நீங்கள் கட்டும் ஒவ்வொரு பில்லிலும் 4,500 ஃபோன் கடனுக்குப் போகிறது. மிச்சம் 1,980 தான் லைனுக்கு. ப்ரீபெய்ட் 1,400. உண்மையான வித்தியாசம் மாதம் 580 ரூபா.

முழுதாகவும் பாருங்கள். இருந்தால் 6,480 ஐ 13 ஆல் பெருக்க 84,240. போனால் 58,500 உடன் 13 மாத ரீலோட் 18,200, மொத்தம் 76,700. மிச்சம் 7,540. அதே 580 தான், 13 தடவை.

இனி காப்புக்கு வருவோம். 58,500 க்கு 13 வீதம் ஒரு வருட வட்டி 7,605. மிச்சம் பிடிக்கிற முழுக் காசையும் வட்டி தின்றுவிடும், மேலே 65 ரூபாவும் போகும்.

இன்னொன்று. 4,500 ஐ 24 ஆல் பெருக்கினால் 108,000. கடை விலை 98,000 என்கிறீர்கள். இரண்டு வருடத்துக்கு உங்களிடம் கூட வாங்குவது 10,000. கடன் மாதா மாதம் குறைந்துகொண்டே வருவதால் சராசரியாக 49,000 தான் உங்கள் கையில் நின்ற கடன். வருடத்துக்கு 5,000, ஏறக்குறையப் பத்து வீதம். பத்து வீதக் கடனை அடைக்கப் பதின்மூன்று வீதத்துக்குக் கடன் எடுக்கவேண்டாம் அக்கா.


பவுண் கணக்கு எழுதியது:

செட்டியார் தெருவில் பதினேழு வருடமாக நகைக் கடையில் நிற்கிறேன். மருதானைத் தம்பியின் கணக்கில் ஒரு திருத்தம். அடகுக் கடனைப் பகுதி பகுதியாகவும் கட்டலாம். மாதம் மிச்சமாகிற 5,080 ஐ அப்படியே கொண்டுபோய்க் கட்டினால் முதல் குறைந்துகொண்டு வரும், பதின்மூன்றாம் மாதம் காப்பு கைக்கு வந்துவிடும். அப்போது வட்டி 7,605 வராது, அதில் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான், நாலாயிரத்துச் சொச்சம்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும் அம்மா. தவறாமல் கொண்டுவந்து கட்டுகிறவர்களை நான் குறைவாகத்தான் கண்டிருக்கிறேன். பிள்ளையின் வகுப்புக் காசு, ஒரு காய்ச்சல், ஒரு கலியாணம் என்று ஏதாவது வரும். கட்டுப்பணம் நிற்கும். தவணை தாண்டினால் ஏலத்துக்குப் போடுவார்கள். அம்மாவின் காப்பைத் தேடி ஏலத்துக்கு அடுத்த நாள் வந்து அழுதவர்களை எனக்குத் தெரியும். மூவாயிரத்துச் சொச்ச ரூபா மிச்சத்துக்கு இரண்டு பவுணை வெளியே விடாதீர்கள். பவுண் விற்கிற இடத்தில் நிற்கிறவன் சொல்கிறேன்.


கொட்டாஞ்சேனை தையல்காரி எழுதியது:

வத்தளை அண்ணா, நீங்கள் கடிதத்தைப் பஸ்ஸில் கொண்டு திரிந்த இடம் வாசிக்க எனக்குக் கஷ்டமாகப் போனது. எழுதியதற்கு நன்றி.

மருதானைத் தம்பி, 580 என்ற இலக்கத்தைக் கணவருக்குக் காட்டினேன். அவர் புறக்கோட்டையில் ஸ்டோர் கணக்கு எழுதுகிறவர், எளிதில் ஒப்புக்கொள்ளமாட்டார். பில்லின் பின்பக்கத்தில் தானே போட்டுப் பார்த்தார். மூன்று தடவை போட்டார். பிறகு ஒன்றும் பேசாமல் தேத்தண்ணி கேட்டார்.

எனக்குள் இன்னும் ஒரு பொருமல் இருக்கிறது. 60 ஜீபிக்குக் காசு கட்டி 9 ஜீபி பாவிப்பது மாதா மாதம் உறுத்துகிறது. ஆறு மீற்றர் துணி வாங்கி ஒரு மீற்றரை வெட்டிவிட்டு மிச்சத்தைக் கானுக்குள் போடுகிற மாதிரி. கணக்குச் சரி என்று தெரிந்தாலும் அது போகவில்லை.


நைட் ஷிஃப்ட் எழுதியது:

நான் மூன்று வருடம் ஒரு கம்பெனியின் தமிழ் லைனில் இருந்தேன், இரவு வேலை. அக்கா, நாங்கள் ஹொட்லைனில் சொல்லும் தொகை திரையில் ஒரு பெட்டிக்குள் தெரிகிற தொகை. அதற்கு மேல் என்ன ஏறும் என்று அந்தப் பிள்ளைக்குப் பல நேரம் தெரியாது. நானும் அப்படிச் சொல்லி, ஒருவர் காசோடு கவுண்டருக்குப் போய்க் குறைகிறது என்று திரும்பி வந்து என்னிடம் ஏசியிருக்கிறார். அவர் ஏசியதில் பிழை இல்லை.

ஆகவே 58,500 வரியோடா, வரி இல்லாமலா? இதைக் கேட்காமல் எந்த முடிவும் எடுக்காதீர்கள். ஒப்பந்தத்தில் எழுதும் தொகை அநேகமாக வரி சேராத தொகை. வரி கூடினால் அது உங்கள் தலையில்தான். 2022 செப்டெம்பரில் வற் (பெறுமதி சேர்) வரி 12 இலிருந்து 15 வீதம் ஆனது. அதே மாதம் 5 ஆம் திகதியிலிருந்து ஃபோன் கட்டணங்களை 20 வீதம் கூட்டத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவும் அனுமதி கொடுத்தது. 2024 ஜனவரி முதலாம் திகதி வற் 18 ஆனது. அந்த இரண்டு தடவையும் நான் லைனில் இருந்தேன். “ஒப்பந்தத்தில் வாடகை மாறாது என்றீர்களே” என்று விடியும்வரை ஆட்கள் கேட்டார்கள். எழுதிய வாடகைக்கு மேலே வரி வேறாக ஏறும் என்று கையெழுத்து வாங்கும்போது யாரும் சொல்லியிருக்கவில்லை.

நேரே கிளைக்குப் போங்கள். அடையாள அட்டையைக் கொண்டுபோங்கள். வாயால் சொல்வதை எடுக்காதீர்கள். இன்றைய திகதிக்கு முடிவுறுத்தல் தொகை எவ்வளவு, வரியோடு எவ்வளவு என்று ஒரு தாளிலோ இமெயிலிலோ தரச் சொல்லுங்கள். ஒப்பந்தத்தின் நகலையும் கேளுங்கள். நீங்கள் விரலால் கையெழுத்துப் போட்டதென்றால் ஒரு பீடிஎஃப் அன்றைக்கே இமெயிலுக்குப் போயிருக்கும், தேடிப் பாருங்கள்.

அந்த நகலில் ஒரு இடம் பார்க்க வேண்டும். ஃபோன் கொடுத்த ஒப்பந்தங்கள் சிலவற்றில், குறிப்பிட்ட மாதம் கடந்தபின் கீழ்ப் பெக்கேஜுக்கு இறங்கலாம் என்று ஒரு வசனம் இருக்கும். எல்லாவற்றிலும் இராது. யாரும் தாமாகச் சொல்லவும் மாட்டார்கள். நாங்களும் சொன்னதில்லை, கேட்டால் மட்டும் சொல்லச் சொல்லித்தான் எங்களுக்குப் பழக்கினார்கள். 60 ஜீபி உறுத்தலுக்கு மருந்து இருந்தால் அங்கேதான் இருக்கும்.

நம்பரைப் பற்றி. “கணக்கை மூடுங்கள்” என்று சொன்னால் நம்பரும் மூடப்படும். “இதே நம்பரை ப்ரீபெய்டுக்கு மாற்றுங்கள்” என்பது வேறு விண்ணப்பம், நம்பர் உங்களிடமே இருக்கும். கவுண்டரில் எந்தச் சொல்லைச் சொல்கிறீர்கள் என்பதில் கவனமாக இருங்கள். வாய்தவறி முதலாவதைச் சொல்லி நம்பரை இழந்த ஒரு பேக்கரிக்காரரின் அழைப்பு நான்தான் எடுத்தது. மூடியபின் எங்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை.


தெஹிவளை கடற்கரைப் பக்கம் எழுதியது:

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். எனக்கும் இரண்டு வருட ஒப்பந்தம். ஆனால் எங்கள் மாடியில் ஆறு மாதமாகச் சிக்னலே ஒழுங்காக இல்லை, கதைக்கும்போது வெட்டுகிறது. அதற்கும் முடிவுறுத்தல் கட்டணம் கட்டத்தான் வேண்டுமா?


நைட் ஷிஃப்ட் எழுதியது:

உங்கள் கதை வேறு. சேவை கிடைக்காதவர் வாதாட இடம் இருக்கிறது, ஆனால் தாளில் இருக்க வேண்டும். முதலில் கம்பெனிக்கே முறைப்பாடு போடுங்கள், ஒவ்வொரு தடவையும் முறைப்பாட்டு இலக்கத்தை வாங்கித் திகதியோடு எழுதி வையுங்கள். எந்த அறையில், எத்தனை மணிக்கு வெட்டுகிறது என்பதையும். சரிவராவிட்டால் அந்த இலக்கங்களோடு இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு எழுதலாம். கொழும்பு 8, எல்விட்டிகல மாவத்தை, 276 ஆம் இலக்கம். 1900 க்கு எடுத்தும் சொல்லலாம். 1991 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின் கீழ் கம்பெனிகளை மேற்பார்க்கிறவர்கள் அவர்கள்தான். முறைப்பாட்டு இலக்கம் ஒன்றும் இல்லாமல் போனால் முதலில் கம்பெனியிடம் போங்கள் என்றுதான் திருப்பி அனுப்புவார்கள். வாங்கிய சாமானில் ஏமாற்று என்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 க்கு எடுங்கள்.


வத்தளை வாசி எழுதியது:

தையல்காரித் தங்கச்சி, ஃபோனை விற்று அந்தக் காசைக் கட்டலாம் என்று யாராவது சொல்லக்கூடும். ஒப்பந்தம் ஓடும்போது விற்கலாமா என்பதை அந்தத் தாளில் பார்த்துவிட்டு யோசியுங்கள். விற்றுவிட்டு மலிவாக ஒன்று வாங்குவதென்றாலும் கவனம். *#06# அடித்தால் வரும் 15 இலக்க ஐஎம்ஈஐ நம்பரை (ஃபோனின் அடையாள எண்), முன்னால் IMEI என்று அடித்து இடைவெளி விட்டு, 1909 க்கு எஸ்எம்எஸ் அனுப்பிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். பதிவில்லாத ஃபோனை வாங்கிவிட்டுச் சிம் போட முடியாமல் நிற்கவேண்டாம்.


கொட்டாஞ்சேனை தையல்காரி எழுதியது:

ஃபோனை விற்கமாட்டேன் அண்ணா. காலை எட்டு மணிக்கு எங்கள் முன் யன்னலால் வெயில் சரிந்து வரும். அப்போது பிளவுஸ் கழுத்தை யன்னல் கட்டையில் விரித்து இந்த ஃபோனால் எடுத்தால் சர்தோசிச் சுருள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும், நூல் எங்கே உள்ளே போய் எங்கே வெளியே வருகிறது என்றுகூட. மெரூன் மெரூனாகவே விழும். இந்த 11 மாதத்தில் நிறம் சரியில்லை என்று ஒருவரும் திருப்பித் தரவில்லை. அந்த அளவில் இந்த ஃபோன் தன் விலையை உழைத்துத் தந்துவிட்டது.

இன்று காலை கிளைக்குப் போனேன். மகளும் வந்தாள். ஒரு மணி நேரம் காத்திருந்தோம். கவுண்டரில் இருந்தவர் முதலில் ஹொட்லைன் சொன்ன 58,500 ஐயே சொன்னார். “வரியோடா?” என்று கேட்டேன். திரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு உள்ளே போய் ஒருவரைக் கேட்டுக்கொண்டு வந்தார். தாளில் எழுதித் தரச் சொன்னபோது முகம் சுருங்கியது, ஆனால் மகள் விடவில்லை. அச்சடித்துத் தந்தார்கள்.

அதில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன். மாதம் ஒன்றுக்கு 4,500, மாதங்கள் 13, கூட்டுத்தொகை 58,500, வற் 18 வீதம் 10,530, செலுத்த வேண்டியது 69,030.

பத்தாயிரத்து ஐந்நூற்று முப்பது ரூபா. காப்பை வைத்து 58,500 ஐ எடுத்துக்கொண்டு நான் அந்தக் கவுண்டருக்குப் போயிருந்தால் இந்தக் காசு இல்லாமல் நின்றிருப்பேன். அதற்கு இன்னொரு நகையைத் தேடியிருப்பேனோ தெரியாது. வெளியே வந்து படியில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுத்தான் பஸ்ஸுக்குப் போனேன்.

ஒப்பந்த நகலை அவர்கள் தரவில்லை, இமெயிலில் இருக்கிறது என்றார்கள். அது அண்ணனின் மகன் எனக்குத் திறந்து தந்த இமெயில். கடவுச்சொல்லே எனக்கு மறந்துபோனது. இரவுக்கு அவனைப் பிடிக்க வேண்டும்.


மருதானைக் கணக்கு எழுதியது:

அப்படியென்றால் கதை தலைகீழ் அக்கா. 69,030 உடன் ரீலோட் 18,200 சேர்த்தால் 87,230. இருந்தால் 84,240. போவதுதான் 2,990 ரூபா கூட, காப்பு வட்டி இல்லாமலே. வரியோடு பார்த்தால் மாதம் 5,310 ஃபோன் கடனுக்கு, லைனுக்கு 1,170 தான். உங்கள் ப்ரீபெய்ட் ரீலோடை விடக் குறைவு. நான் முதலில் போட்டபோது வரியைக் கேட்டிருக்க வேண்டும், அது என் பிழை.


கொட்டாஞ்சேனை தையல்காரி எழுதியது:

உங்கள் பிழை இல்லை தம்பி, நான் தந்த இலக்கத்தில்தானே போட்டீர்கள்.

இமெயில் திறந்தாயிற்று. ஏழு பக்கம். மகள் ஆங்கிலத்தில் வாசித்துத் தமிழில் சொல்லச் சொல்ல நான் பொத்தான் தைத்துக்கொண்டு கேட்டேன். இரண்டு பக்கம் கடந்ததும் ஊசியைக் கீழே வைத்துவிட்டேன். நான் கையெழுத்துப் போட்டது என்ன என்று 11 மாதம் கழித்துத் தெரிந்துகொள்கிறேன். இதை ஒரு பக்கத் தமிழில் அன்றைக்குத் தந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. விளம்பரத்தைத் தமிழில் போடுகிறவர்களுக்கு நிபந்தனையையும் தமிழில் போட முடியாதா? எனக்கு இதில் உண்மையாகவே கோபம்.

நைட் ஷிஃப்ட், நீங்கள் சொன்ன வசனம் இருக்கிறது! ஐந்தாம் பக்கம். முதல் 12 மாதம் நிலுவையில்லாமல் கட்டியவர் ஒரு தடவை ஒரு படி கீழே இறங்கலாம், ஒப்பந்த முடிவுத் திகதி மாறாது. ஹொட்லைனுக்கு எடுத்துக் கேட்டேன். கீழ்ப் பெக்கேஜ் 25 ஜீபி, அழைப்புகள் இப்போதிருக்கும் அதே மாதிரி. வரியெல்லாம் சேர்த்துக் கைக்காசு எவ்வளவு என்று இரண்டு தடவை கேட்டேன். 5,300 என்றார்கள். அதையும் எஸ்எம்எஸ்ஸில் அனுப்பச் சொன்னேன், அனுப்பினார்கள்.


மருதானைக் கணக்கு எழுதியது:

அடுத்த பில் 6,480. அதற்குப் பிறகு 12 பில் 5,300 வீதம் 63,600. மொத்தம் 70,080. ஒன்றும் செய்யாமல் இருப்பதை விட 14,160 குறைவு. ஒப்பந்தத்தை முடித்து வெளியே போவதை விட 17,150 குறைவு.


நைட் ஷிஃப்ட் எழுதியது:

ஒரு படி இறங்குவது ஒரு தடவைதான் என்பதால் 25 ஜீபி தீபாவளி, கலியாண மாதங்களிலும் காணுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 12 ஆவது பில்லைக் கடைசித் திகதிக்கு முன்னமே கட்டிவிடுங்கள். ஒரு நாள் பிந்தினாலும் நிலுவை இருந்தது என்று சொல்ல இடம் கொடுக்கவேண்டாம். விண்ணப்பத்தைக் கொடுத்தபின் இலக்கம் வாங்குங்கள், அடுத்த பில்லில் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். மாறாமல் வந்தால் அந்த வாரமே போங்கள்.


கொட்டாஞ்சேனை தையல்காரி எழுதியது:

போன வருடத் தீபாவளி மாதத்து அளவைப் பில்லில் பார்த்தேன், ஃபைபர் இல்லாத காலம். அப்போதும் 22 ஜீபிதான். காணும்.

12 ஆவது பில் வந்த அன்றே கட்டுவேன். ஒக்டோபர் 14 கடந்ததும் விண்ணப்பத்தோடு போகிறேன். என்ன சொல்ல வேண்டும் என்று மகள் ஒரு துண்டில் எழுதித் தந்திருக்கிறாள், “கணக்கை மூட வரவில்லை, ஒரு படி கீழே இறங்க வந்தேன்” என்று முதல் வரி. பவுண் கணக்கு ஐயா, காப்பைக் கைக்குட்டையிலிருந்து எடுத்துக் கழுவித் துடைத்து அலுமாரியில் பழைய இடத்திலேயே வைத்துவிட்டேன். போய்வந்து பில் மாறியதா இல்லையா என்று இங்கே எழுதுகிறேன். தீபாவளி ஓடர் பதினாறு கிடக்கிறது, அதற்குள் இருக்கிறேன், பதில் பிந்தினால் குறை நினைக்கவேண்டாம்.